2 அங்குலத்தில் விற்கும் 3 அடி மீன்: வண்ண மீன் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ண மீன் கடை நடத்துவோருக்கும், அவர்களுக்கு மொத்தமாகக் குஞ்சு தரும் பண்ணைக்காரர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் வணக்கம்.

கடைத் தொட்டியின் மூலையில் விரல் நீளத்தில் ஒரு ரெட்டெயில் கேட்ஃபிஷ் குஞ்சு மீசையை ஆட்டிக்கொண்டு கிடக்கிறது. கருத்த முதுகு, வெளுத்த பக்கவாட்டுப் பட்டை, சிவப்பேறத் தொடங்கிய வால். பார்த்தவருக்கு ஆசை வந்துவிடும். முதலில் விலை கேட்பார், அடுத்து "எவ்வளவு பெருசா வளரும்?" என்பார். பெரும்பாலான கடைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும்." அந்தப் பதிலை நிறுத்தச் சொல்லித்தான் இந்த மடல்.

அந்தப் பேச்சு பரவியதற்குக் காரணம் இருக்கிறது. சின்னத் தொட்டியில் மீன் மெதுவாக வளர்வது கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை. கழிவு தேங்கிய நீரில் மீன் சரியாகத் தின்னாது, தின்றது உடம்பில் ஒட்டாது, திரும்ப இடமின்றி முதுகெலும்பு வளையும். தலையும் கண்ணும் பெரிதாகவும் உடல் சூம்பியும் போகும். பத்து ஆண்டுக்கு மேல் வாழவேண்டிய ஆஸ்கார் மீன் இரண்டு மூன்று ஆண்டில் செத்துப்போகும். பட்டினியில் குட்டையாகிப்போன பிள்ளையை, வீட்டுக்குத் தகுந்தபடி வளர்ந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மீனுக்கு மட்டும் சொல்கிறோம்.

அமேசான், ஒரினோகோ ஆறுகளில் வாழும் ரெட்டெயில் 3 முதல் 4 அடி வரை வளரும். நன்றாகத் தீனி கிடைத்தால் ஒன்று, ஒன்றரை ஆண்டில் 2 அடியைத் தொட்டுவிடும். "சுறா" என்று நீங்கள் விற்கும் பங்காசியஸ் சுறாவே அல்ல, தென்கிழக்கு ஆசியப் பேராறுகளின் கெளுத்தி இனம். உணவுச் சந்தையில் பாசா என்ற பெயரில் உலகெங்கும் போவதில் பெரும்பங்கு இந்த மீன்தான். பண்ணைக் குளத்தில் 6 முதல் 8 மாதத்தில் ஒரு கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. கறிக்காக அத்தனை வேகமாக வளர்க்கப்படும் மீன், 2 அடித் தொட்டியில் மட்டும் அழகுப் பொருளாக அப்படியே நின்றுவிடுமா? அலிகேட்டர் கார் என்ற மீன் 6 அடியைத் தாண்டும், 50 ஆண்டுக்கு மேலும் வாழும். அரபைமா முதல் ஆண்டிலேயே 10 கிலோ எட்டக்கூடியது. பிரானா என்று சொல்லி விற்கப்படும் சிவந்த வயிற்றுக் குஞ்சுகள் பல பாக்கு மீன்கள். வாயைத் திறந்து பார்த்தால் பிரானாவுக்கு முக்கோணப் பல், பாக்குவுக்கு மனிதப் பல் போலச் சதுரப் பல். அதுவும் இரண்டடி, இரண்டரை அடிக்குப் போகும்.

இந்த ஐந்தையும் வீட்டுத் தொட்டிக்கென்று கேட்பவருக்கு விற்கவே வேண்டாம் என்பது எங்கள் கோரிக்கை. அடுத்த வகை ஆஸ்கார், சில்வர் அரோவானா, கிளவுன் நைஃப், ஜெயன்ட் கௌராமி, சாதாரண சக்கர் ஆகியவை. இவற்றை விற்கலாம். ஆனால் கணக்கைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

அந்தக் கணக்கில் பலரும் தடுக்கி விழும் இடம் நீளம். 5 செ.மீ. ஆஸ்கார் 30 செ.மீ. ஆகும்போது நீளம் 6 மடங்குதான். உடம்பு அகலத்திலும் பருமனிலும் அதே அளவு பெருகுவதால் எடை 6 × 6 × 6, அதாவது 216 மடங்கு. 3 கிராம் குஞ்சு 650 கிராம் மீனாகிறது. தீனியும் கழிவும் மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனும் எடையை ஒட்டிக் கூடுபவை, நீளத்தை ஒட்டி அல்ல. "ஒரு அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர்" என்ற பழைய சூத்திரம் கப்பி, டெட்ரா போன்ற சின்ன மீன்களுக்குச் சரி. ஆஸ்காருக்கு அதைச் சொல்வது வாங்குபவரைக் குழியில் தள்ளுவதாகும்.

வளர்ந்த ஆஸ்கார் ஜோடி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் பெல்லட் (உருண்டைத் தீனி) என்று வைத்துக்கொள்வோம். பெல்லட்டில் 40 சதவீதம் புரதம். அதில் சுமார் 370 மில்லிகிராம் நைட்ரஜன், அம்மோனியாவாகத் தண்ணீரில் இறங்கும். இதில் பெரும்பகுதி சாணத்திலிருந்து வருவதில்லை, செவுள் வழியாக நேராகவே வெளியேறுகிறது. ஆகவே கண்ணுக்குத் தொட்டி சுத்தமாகத் தெரிவது எதற்கும் சான்றல்ல. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட தொட்டி 2 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் வீதம் 56 லிட்டர். அதில் ஒரே நாளில் லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் சேரும். 5 × 2 × 2 அடித் தொட்டியில் 560 லிட்டர்; அங்கே 0.66 மட்டும். நீரின் பி.எச். 8, வெப்பம் 28 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 6.5 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 7 என்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான். நச்சு வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும். ஆக, பி.எச். 8 நீரில் ஃபில்டர் ஒரு நாள் நின்றுபோனால் பெரிய தொட்டி அந்த எல்லையை நெருங்கி நிற்கும். சின்னத் தொட்டி அதைப்போல எட்டு, ஒன்பது மடங்கில் இருக்கும். ராத்திரி நன்றாக இருந்த மீன் காலையில் மல்லாந்து கிடப்பதற்கு இதைவிட மர்மமான காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஃபில்டர் ஒழுங்காக ஓடினாலும் கணக்கு முடியவில்லை. ஃபில்டரில் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும். அந்த 370 மில்லிகிராம் நைட்ரஜன் 1,640 மில்லிகிராம் நைட்ரேட்டாக மாறும். 560 லிட்டரில் நாளொன்றுக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம், வாரத்துக்கு 20. வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றினால் நைட்ரேட் 20க்கும் 40க்கும் இடையில் ஊசலாடும். கால்பங்கு மட்டும் மாற்றினால் ஏறிக்கொண்டே போய் 60க்கும் 80க்கும் இடையில்தான் நிற்கும். "மாசம் ஒரு தடவை மாத்தினா போதும்" என்று நீங்கள் சொல்லி அனுப்புவது, இந்த மீன்களைப் பொறுத்தவரை, ஓராண்டுக்குப் பின் வரப்போகும் தலைக்குழி நோய்க்கு முன்பணம். தலைக்குழி நோய்க்குக் குடல் ஒட்டுண்ணி, வைட்டமின் குறை, கெட்ட நீர் என்று பலவும் சேர்ந்து காரணமாகலாம். பழைய நீரில் கிடக்கும் ஆஸ்காரின் நெற்றியில் அது வருவதை மட்டும் யாரும் மறுப்பதில்லை.

பாதித் தண்ணீர் என்றால் 280 லிட்டர். 15 லிட்டர் வாளியில் 19 நடை வெளியே, 19 நடை உள்ளே. இதை வாங்கும் முன்பே சொன்னால் சிலர் மீனைக் கைவிடுவார்கள், சிலர் நீளமான குழாய் வாங்குவார்கள். இரண்டுமே நல்ல முடிவுதான். குழாய்நீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வைத்தால் போய்விடும். குளோரமின் இருந்தால் போகாது, அதை நீக்கும் மருந்து போட்டே ஆகவேண்டும். நேராகத் தொட்டிக்குள் குழாயைவிட்டு நிரப்புபவர் புதுத் தண்ணீருக்கு மட்டுமல்ல, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு மருந்தை முதலில் போட்டுவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். மருந்து பாட்டிலை விற்கும்போதே இதைச் சொல்லிவிடலாம், அரை நிமிடம் ஆகாது.

தொட்டியின் அளவைச் சொல்லும்போது லிட்டரை மட்டும் சொல்லாதீர்கள். பெரிய மீனுக்கு அகலம் முக்கியம். உடல் வளையாமல் திரும்ப, தொட்டியின் அகலம் மீனின் நீளத்துக்குக் குறையக்கூடாது. ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. நீளம் நான்கு மடங்காவது வேண்டும். ஓரடி ஆஸ்காருக்கு 2 அடி அகலம் கேட்பது இதனால்தான். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஒற்றை ஆஸ்காரை ஒப்பேற்றுபவர்கள் உண்டு. அதற்குக் கீழே போனால் அது சிறை. இரண்டரை அடி போகும் அரோவானாவுக்கு 10 × 3 அடி. நான்கடி ரெட்டெயிலுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 16 அடி நீளம், 6 முதல் 8 அடி அகலம். அதற்குப் பெயர் தொட்டி அல்ல, நீச்சல் குளம்.

எடையையும் சொல்லுங்கள். 5 × 2 × 2 அடித் தொட்டியில் தண்ணீர் மட்டும் 560 கிலோ. 12 மி.மீ. கண்ணாடிக்குச் சதுர மீட்டருக்கு 30 கிலோ வீதம் இன்னும் 100 கிலோ. ஸ்டாண்டு, மணல், கல், கீழே சம்ப் (நீரை வடிகட்டி மேலே திருப்பி அனுப்பும் கீழ்த்தொட்டி) எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். மாடி வீட்டுக்காரர் நடு அறையில் வைக்காமல் சுமை தாங்கும் சுவரையொட்டி வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் கட்டடம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். ஸ்டாண்டின் மேற்பரப்பு ஒரு மூலையில் 2, 3 மி.மீ. தாழ்ந்திருந்தாலே அடிக்கண்ணாடி முறுக்கிக்கொண்டு விரிசல் விடக்கூடும்.

ஃபில்டர் விஷயத்தில் உங்கள் தரப்பில் நடக்கும் தவறு பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்புவது. பெரிய மீன் தொட்டியில் மணிக்கு 6 முதல் 10 தடவை மொத்த நீரும் ஃபில்டர் வழியே சுழல வேண்டும். 560 லிட்டருக்குக் குறைந்தது 3,500 லிட்டர். பெட்டியில் உள்ள எண் பம்பு தண்ணீரை மேலே ஏற்றாத நிலையில் அளந்தது. சம்ப்பிலிருந்து 4, 5 அடி ஏற்றும்போது அது பாதியாகக்கூடக் குறையும். 3,500 போதும் என்று 3,500 பம்பை விற்றால் வீட்டில் ஓடுவது 2,000 தான். பம்போடு வரும் தாளில் உயரத்துக்கு ஏற்ற ஓட்டத்தின் வரைபடம் இருக்கும். அதைப் பார்த்துத் தேர்ந்து கொடுங்கள். சம்ப்பின் கொள்ளளவு தொட்டியில் கால்பங்காவது இருக்கட்டும்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீரைத் திருப்பிவிடும் குழாயின் வாய் தொட்டி நீருக்குள் 5 செ.மீ. மூழ்கியிருந்தால், பம்பு நின்றதும் அதே குழாய் தண்ணீரைக் கீழே உறிஞ்சும். 5 × 2 அடிப் பரப்பில் ஒரு செ.மீ. உயரம் 9 லிட்டருக்கு மேல். 5 செ.மீ. என்றால் 46 லிட்டர் சம்ப்புக்குள் வரும். அங்கே இடமில்லை என்றால் தரைக்கு வரும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் 4, 5 மி.மீ. துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். துளையில் பாசி அடைக்காமல் மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும். கேனிஸ்டர் ஃபில்டராக (மூடிய டப்பாவுக்குள் வடிகட்டுவது) இருந்தால் வேறு சிக்கல்: சில மணி நேரம் நின்றுபோனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். அப்படியே திரும்ப ஓடவிட்டால் அந்த அழுகல் நீர் மொத்தமும் தொட்டிக்குள் போகும். முதலில் திறந்து கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசி, பிறகுதான் ஓட்ட வேண்டும். குழாய்நீரில் அலசினால் குளோரின் மிச்சப் பாக்டீரியாவையும் முடித்துவிடும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. 30 டிகிரி நீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனுக்குமேல் பிடித்துவைக்காது. 650 கிராம் மீன்கள் இரண்டு அதை விரைவில் தீர்த்துவிடும்.

தீனி பற்றி உங்களிடம் ஒரு சண்டையே இருக்கிறது. ஆஸ்காரும் அரோவானாவும் வாங்குபவருக்குப் பை நிறையக் குட்டி கோல்டுஃபிஷ்ஷும் சேர்த்து விற்கிறீர்கள். கோல்டுஃபிஷ் உடலில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. வைட்டமின் பி1ஐ அது சிதைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்னும் மீனுக்கு நரம்புத் தளர்ச்சி வரும், நீந்தும்போது சாயும். நெரிசலான தொட்டியில் கிடக்கும் தீனிமீன் கூடவே வெள்ளைப்புள்ளி நோயையும் புழுவையும் கொண்டுவரும். கோழி ஈரல், மாட்டு இதயம் போன்றவற்றின் கொழுப்பு மீனின் கல்லீரலில் படியும். மிதக்கும் பெல்லட்டைப் பிரதானமாக வைத்து, இடையிடையே உறைந்த இறாலும் மீன் துண்டும் போதும். குஞ்சாக இருக்கும்போது நாளுக்கு இரண்டு மூன்று வேளை சிறிது சிறிதாக, ஓரடி ஆனபின் வாரத்தில் 4, 5 நாள் ஒருவேளை. ஆஸ்கார் கண்ணாடியருகே வந்து வாலை ஆட்டுவதைப் பசி என்று நினைத்துப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம். அது எப்போதும் அப்படித்தான் ஆட்டும்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. கண்ணாடி ஹீட்டரைத் தொட்டிக்குள் வைத்தால் பெரிய மீன் வாலாலடித்து உடைக்கும், சம்ப்பில் வையுங்கள். பெரிய கல்லை மணல்மேல் வைக்கக்கூடாது. மீன் மணலைத் தோண்டும், கல் கண்ணாடியில் சாயும். கல்லை முதலில் அடியில் அமர்த்தி, பிறகு மணல் போடுங்கள். பெரிய கெளுத்திகள் வாய்க்குள் போகும் எதையும் விழுங்கும், கூழாங்கல், ரப்பர் உறிஞ்சி, தெர்மாமீட்டர் உட்பட. அரோவானாத் தொட்டியின் மூடியில் எடை வைக்காமல் விட்டால் மீன் தரையில் கிடக்கும்.

"தொட்டி சுத்தம் பண்ணும்" என்று கூடவே தள்ளிவிடும் சக்கர் மீன் எதையும் சுத்தம் செய்வதில்லை. அது சாணத்தைத் தின்னாது, பாசியைச் சிறிது தின்னும், தானே ஒன்றரை அடி வளர்ந்து மற்றெல்லா மீனையும்விட அதிகமாகக் கழியும். பாசிக்குத்தான் வேண்டும் என்றால் 5 அங்குலத்தில் நின்றுவிடும் பிரிஸ்டில்நோஸ் மீனைக் கொடுங்கள். ஆஸ்காரின் துடுக்கும் குணமும் பிடித்து வந்தவரிடம் 3 அடித் தொட்டிதான் இருக்கிறதென்றால் ஃபயர்மவுத், கன்விக்ட் என்ற மீன்கள் இருக்கின்றன. 6 அங்குலத்துக்குள் அதே சேட்டை.

"இப்போ சின்னத் தொட்டியில விடுங்க, வளர்ந்தா பெருசு வாங்கிக்கலாம்" என்பதும் உங்களிடம் கேட்கும் பேச்சு. ஆஸ்கார் மாதம் ஓர் அங்குலம் வளரும். ஆறாவது மாதம் பெரிய தொட்டி வந்தாக வேண்டும். புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரம் வேண்டும். அதாவது நாலரை மாதத்திலேயே தொட்டி வீட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பழைய ஸ்பாஞ்சைப் புது ஃபில்டருக்குள் வைத்தால் இந்தக் காலம் நன்றாகக் குறையும். இதைத் தேதி போட்டுச் சொன்னால் வாங்குபவர் தயாராவார். "வளர்ந்தா" என்று மட்டும் சொன்னால், மீன் கண்ணாடியில் மூக்கை உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும் வரை யாரும் அசையமாட்டார்கள்.

அப்படி இடம் தீர்ந்துபோன மீன் எங்கே போகிறது? பொதுக் காட்சித் தொட்டிகளால் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள முடியாது. கடைசியில் பலரும் ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். ஃபுளோரிடாவின் கால்வாய்களில் ஆஸ்கார் குடியேறியது. சக்கர் மீன்கள் புகுந்த ஆறுகளில் கரையைக் குடைந்து வளை போட்டு, கரை சரிகிறது. விடுவிப்பதாக நினைத்து விடுபவருக்கு இது தெரியாது, விற்றவர் சொல்லியிருக்கலாம்.

ஆகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். பணம் தரவேண்டியதில்லை, மீனை ஏற்றால் போதும். பின்கட்டில் 1,000 லிட்டர் வட்டத் தொட்டி ஒன்று, பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு, மேலே வலை. நோய் பார்க்க 3, 4 வாரம் விற்பனைத் தொட்டிகளோடு வலை, வாளி எதையும் பகிரக்கூடாது. கொண்டுவருபவரிடம் இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தச் சொல்லுங்கள், வழியில் தண்ணீர் கெடாது. கெளுத்தியைப் பிடிக்க வலை வேண்டாம், துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும், பையையும் கிழிக்கும். தண்ணீரோடு சேர்த்து மூடியுள்ள டப்பில் ஏற்றி, பேட்டரி ஏர் பம்ப் வைத்தால் போதும்.

இன்னொன்று, ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அட்டை. பெயருக்கும் விலைக்கும் கீழே ஐந்து வரி சேர்த்தால் போதும். ஆஸ்காருக்கு இப்படி: "6 மாதத்தில் 6 அங்குலம். ஓராண்டில் 10 முதல் 12 அங்குலம். ஆயுள் 10 ஆண்டுக்கு மேல். ஜோடிக்குத் தொட்டி 5 × 2 × 2 அடி. வாரம் 280 லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டும்." எழுத்து, விலை எழுதிய அளவிலேயே இருக்கட்டும். பில் போடும் மேசையில் ஓர் அளவு நாடாவும் வையுங்கள். 5 அடிக்கு 2 அடி என்பது எவ்வளவு என்று கடைத் தரையிலேயே இழுத்துக் காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
பெரிய மீன்களை வளர்ப்பவர்கள் சிலர்